உலகநாதன், ஆண், 74

12.5.2023, வெள்ளிக்கிழமை (சித்திரை 29)

ஓய்வூதியர் சங்கச் செயலாளர் நேரில் வந்து என் கைப்பேசியில் மருத்துவச் செயலியை நிறுவித் தந்தார். இனி ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏற வேண்டியதில்லை. கோவில்பட்டியில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே சென்னை டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசலாம். ஆலோசனைக்குக் கட்டணமில்லை. இரத்தப் பரிசோதனையும் இலவசம். மாத்திரைகள் பாதி விலையில் வாசலுக்கே வந்து சேரும். என் மனைவி இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று எண்ணினேன், எண்ணிப் பயனில்லை.

சலுகை ஓய்வூதியருக்கும் அவருடைய மனைவிக்கும் மட்டுமே, உடன்பிறந்தாருக்குக் கிடையாது என்று செயலாளர் இருமுறை சொன்னார். பதிவுப் பக்கத்தில் என் பிறந்த ஆண்டைத் தவறாக இட்டிருந்தார். திருத்தச் செய்தேன். பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன், தன் சொந்தப் பதிவில் ஒரு பிழையை அனுமதிக்க முடியாது.

மாலையில் ஆவுடை விளக்குப் பொருத்தவில்லை. என் தங்கை ஆவுடையம்மாள் கணவனை இழந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு தவறியதில்லை. "இன்னைக்கு நீங்களே பொருத்திருங்கண்ணே," என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். காரணம் கேட்டதற்குக் களைப்பு என்றாள். அறுபத்திரண்டு வயதில் களைப்பு இயல்புதான். ஆனால் பூசையறை வாசலில்கூட நிற்காமல் சுவரோரமாக விலகி நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

15.5.2023, திங்கட்கிழமை (வைகாசி 1)

மாடிப்படி ஏறினால் ஆவுடைக்கு மூச்சு வாங்குகிறது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன், வர மறுத்தாள். வரிசையில் நிற்கத் தெம்பில்லை என்றாள். ஆண் டாக்டராக இருந்தால் அவள் வாய் திறக்கவும் மாட்டாள். தனியார் மருத்துவமனை என் கைக்கு எட்டாது. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். செயலியைப் பொறுத்தவரை நோயாளி நானே. அவளுடைய உபாதைகளை என்னுடையவையாகச் சொல்வேன். வருகிற மருந்து அவளுக்குப் போய்ச் சேரும். களைப்பில் ஆண் களைப்பு, பெண் களைப்பு என்று இல்லை.

ஆவுடை தயங்கினாள். "ஆளு மாறி நிக்கது ஒங்க ஆபீசுல குத்தம்னு சொல்லுவியளேண்ணே?" என்று கேட்டாள். பிறர் சொத்தை அபகரிக்க மாறி நிற்பதே குற்றம், ஒருவருக்கும் நட்டமில்லாத இடத்தில் அது உதவி என்று விளக்கினேன்.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. டாக்டர் நஸ்ரின் இளம்பெண், பொறுமையாகப் பேசுகிறார். ஆவுடை திரையில் தெரியாதவாறு கதவுக்குப் பின்னால் முக்காலியில் அமர்ந்துகொண்டாள். டாக்டர் கேட்பதை நான் உரக்கத் திரும்பச் சொல்வேன். அவள் தலையையோ கையையோ அசைப்பாள். நான் பதில் சொல்வேன். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், இடுப்பு வலி. மூலம் உண்டா, மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள். சிறுநீர் தடைப்படுகிறதா என்று கேட்டார். அவளுக்கு இல்லை, எனக்குச் சற்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார். ஒரே அழைப்பில் இருவருக்கு வைத்தியம் ஆயிற்று.

23.5.2023, செவ்வாய்க்கிழமை (வைகாசி 9)

டாக்டர் எழுதிய இரத்தப் பரிசோதனைக்காக ஆவுடையை ஆட்டோவில் அழைத்துப் போனேன். பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவளிடம் எடுக்கும்படி சொன்னேன். அவர் சிறிதும் வியக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சார். ஒரு கார்டுல ஒரு தெருவே ஊசி போட்டுக்கிடுது," என்று சிரித்தார். குழாயில் என் பெயரை ஒட்டினார். தலைப்பெழுத்து விடுபட்டிருந்தது, சேர்க்கச் சொன்னேன்.

ஆட்டோவில் ஆவுடை இருக்கையின்மேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் அமர்ந்தாள். போகும்போதும் அப்படியே, வரும்போதும் அப்படியே. இருக்கை சுத்தமாகத்தான் இருந்தது. அது நான் இன்னும் படித்து முடிக்காத தாள்.

26.5.2023, வெள்ளிக்கிழமை (வைகாசி 12)

முடிவு வந்துவிட்டது. இரத்தத்தில் சிவப்புச் சத்து மிகக் குறைவு. "ஆம்பளைங்களுக்குப் பதிமூணுக்குக் கீழ போகக்கூடாது சார். உங்களுக்கு எட்டரைதான் இருக்கு," என்றார் டாக்டர். கீழ் இமையை விரலால் இழுத்துத் திரையருகில் காட்டச் சொன்னார். காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். நன்றாகச் சிவந்துதான் இருக்கிறது, வெளிச்சக் கோளாறாக இருக்கலாம் என்றார். ஆமாம், எங்கள் கூடத்தில் வெளிச்சம் போதாது என்றேன்.

இரும்புச்சத்து மாத்திரை தந்திருக்கிறார். குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று அறிய மலப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். விளக்கு இன்றும் நானே பொருத்தினேன். திரி சரியாக அமையவில்லை.

9.6.2023, வெள்ளிக்கிழமை (வைகாசி 26)

மரப்பெட்டியில் மடித்து வைத்திருந்த என் பழைய வேட்டிகள் குறைகின்றன. ஆவுடையைக் கேட்டால் தரை துடைக்க எடுத்தேன் என்கிறாள். தரை துடைக்கத் தனியே துணி இருக்கிறது.

20.6.2023, செவ்வாய்க்கிழமை (ஆனி 5)

இம்முறை முன்னேற்பாடாக ஆவுடையைச் சன்னலோரத்தில் நிறுத்திக் கீழ் இமையைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றிவிட்டேன். கண் மட்டும் தெரியும்படி எடுத்தேன். யாருடைய கண் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இமையின் உட்புறம் தாளைப்போல் வெளுத்திருந்தது. இந்தப் படம்தான் உண்மையைச் சொல்கிறது, அன்று திரையில் காட்டியதை நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன் என்றார் டாக்டர். என் ஏற்பாடு பலித்ததில் எனக்குத் திருப்தி.

மலப் பரிசோதனையில் கசிவு ஏதுமில்லை. இரத்தத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை தின்றும் கூடவில்லை. டாக்டர் பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ரத்தம் எங்கேயோ போயிட்டிருக்கு சார். எங்கேன்னுதான் எனக்குப் பிடிபடல. எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டு எதையாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

வழக்கப்படி அதை உரக்கத் திரும்பச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஆவுடை தலையையும் அசைக்கவில்லை, கையையும் அசைக்கவில்லை. முந்தானை நுனியைப் பார்த்தபடி இருந்தாள். டாக்டரைக் காத்திருக்க வைப்பது முறையல்ல. எதுவுமில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

4.7.2023, செவ்வாய்க்கிழமை (ஆனி 19)

காலைப் பலகாரம் வைக்கும்போது ஆவுடை தானாகப் பேச்செடுத்தாள்.

"அண்ணே, அந்த டாக்டரம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?"

என்ன பேசவேண்டும், என்னிடம் சொல், நான் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க வேண்டாம். நீங்க வெளிய இருந்துக்கிடுங்க. நான் மட்டும் பேசுதேன். அஞ்சு நிமிசம் போதும்."

அது நடவாத காரியம் என்பதை நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஓர் ஆணின் பதிவில் ஒரு பெண்ணின் குரல் கேட்டால் அடுத்த நிமிடம் கேள்வி எழும். அழைப்புகளை அவர்கள் பதிவு செய்கிறார்கள். கண்டுபிடித்தால் சலுகை பறிபோகும். சங்கத்தில் தலைகாட்ட முடியாது. தவிர, அவளுக்கு மாத்திரையும் வராது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரிண்ணே," என்றாள். "இன்னொரு இட்லி வைக்கட்டா?"

பெண்களின் உடம்பைப் பற்றி ஓர் அண்ணன் துருவிக் கேட்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நான் மீறவில்லை.

17.7.2023, திங்கட்கிழமை (ஆடி 1)

இவ்வாண்டு ஆடியில் இரண்டு அமாவாசைகள், முதலாவது இன்று. முன்னோருக்குப் படைக்கச் சமைக்கமாட்டேன் என்றுவிட்டாள் ஆவுடை. அன்றாடச் சோறு பொங்குகிறவள் படையலுக்கு மட்டும் ஏன் மாட்டாள் என்று கேட்டேன். சுத்தமில்லை என்றாள். குளித்துவிட்டுச் சமைக்கலாமே என்றேன். என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அரிசியும் வாழைக்காயும் தானம் கொடுத்துத் தர்ப்பணத்தை முடித்தேன். ஆத்திரத்தில் இரண்டு சொல் கூடுதலாகப் பேசிவிட்டேன். கொல்லைக் கொடியில் அவளுடைய சேலைகள் நிழலில், துண்டுகளுக்குப் பின்னால் காய்கின்றன. வெயில் அந்தப் பக்கம் வராது என்று சொல்லியும் கேட்பதில்லை.

8.8.2023, செவ்வாய்க்கிழமை (ஆடி 23)

டாக்டர் இன்று கண்டிப்பாகப் பேசினார். இந்த வயதில் ஓர் ஆணுக்கு இப்படி இரத்தம் குறைந்தால் குடலைத்தான் சந்தேகிக்க வேண்டும், மதுரைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்தே தீரவேண்டும், அதுவும் இலவசம், தேதியையும் தானே வாங்கித் தருகிறேன் என்றார். அங்கே ஆதார் அட்டையைப் பார்த்து முகத்தையும் ஒப்பிடுவார்களாம். ஆவுடையை அனுப்ப வழியில்லை. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். "உங்களைத்தான் நான் அதிகமா நினைச்சுக் கவலைப்படறேன் சார்," என்றார். நல்ல பெண்.

அழைப்பு முடிந்ததும் ஆவுடை முக்காலியிலிருந்தபடியே சிரித்தாள். "எனக்காவ நீங்க மதுரைக்குப் போயி கொழாயை முழுங்கிட்டு வருவியளாண்ணே?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். சிரிப்பு முடிந்தபின் எழுந்தவள் தனித்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

மாலையில் அடுத்த வீட்டு ரோஸ்லின் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்பவர். ஆவுடையைக் கொல்லையில் பார்த்துப் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "சார்வாள், ஒங்க செல்போன் டாக்டர் என்னைக்காவது இவ கையைத் தொட்டுப் பாத்திருக்காரா? பொம்பளைய பொம்பளைகிட்டக் கூட்டிட்டுப் போங்க," என்றார். நான் என் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அடுத்த வீட்டார் சொல்லித் தரவேண்டியதில்லை என்று மரியாதையாகவே தெரிவித்தேன். விரைவில் திருநெல்வேலிக்குத் தானே அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் என்ன சொன்னாய் என்று ஆவுடையிடம் கேட்டேன். "அண்ணன் பாத்துக்கிடுவாவன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

1.9.2023, வெள்ளிக்கிழமை (ஆவணி 15)

காலையில் ஆவுடை அடுப்படியில் விழுந்தாள். தரையில் இரத்தம். சேலையின் பின்புறம் முழுதும் நனைந்திருந்தது. எங்கே அடிபட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ரோஸ்லின் டீச்சர் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவரே ஆம்புலன்சை அழைத்தார். ஆவுடை கிழித்து மடித்து வைத்திருந்த என் காணாமற்போன வேட்டிகளை அவர் கையிலே அடுக்கி எடுத்துவந்தார்.

2.9.2023, சனிக்கிழமை (ஆவணி 16)

திருநெல்வேலி அரசு மருத்துவமனை. முதன்முறையாக ஆவுடையின் பெயரில் ஒரு சீட்டு எழுதினார்கள். பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றுகிறார்கள்.

பெண் டாக்டர் வெளியே வந்து என்னை அழைத்தார். "தூரம் நின்னு பத்து வருசத்துக்கு மேல ஆச்சாம். சித்திரையிலிருந்து மறுபடியும் ரத்தம் போகுதாம். இத்தனை மாசமா வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். முன்பு எடுத்த பரிசோதனைகள் இருக்கின்றனவா என்றார். கைப்பேசியை நீட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"உலகநாதன், ஆண், எழுபத்திநாலு. இது யாரோடது?"

என்னுடையது என்றேன். அதில் பொய் இல்லை, பெயர் என்னுடையதே.

"அப்ப இந்தம்மாவுக்கு ஒரு டெஸ்ட்கூட எடுக்கலையா?"

கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கவேண்டும் என்று நர்சிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ரோஸ்லின் டீச்சர் பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

13.9.2023, புதன்கிழமை (ஆவணி 27)

கருப்பையில் புற்று. சிறுநீர்ப்பைக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் கருப்பையை எடுத்து முடித்திருக்கலாம், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும் என்றார் டாக்டர். தொடக்கம் என்றால் எந்த மாதம்வரை என்று கேட்டேன். தேதி போட்டெல்லாம் சொல்ல முடியாது என்றார்.

29.9.2023, வெள்ளிக்கிழமை (புரட்டாசி 12)

ஆவுடையை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். வலிக்கு மருந்து தந்திருக்கிறார்கள். பகலில் ரோஸ்லின் டீச்சர் உடனிருந்து எல்லாம் செய்கிறார். அவர் அறையில் இருக்கும்போது நான் கூடத்தில் இருப்பேன்.

மாலையில் சற்றுத் தெளிவாக இருந்தாள். தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

"அண்ணே, அந்த டாக்டரம்மா மொகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது, அவள் ஒருநாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரலைத்தான் கேட்டிருக்கிறாள். சிறிய முகம், கண்ணாடி போட்டிருக்கிறார், தலையில் துணி சுற்றியிருக்கிறார் என்று சொன்னேன்.

"கொரலே நல்ல கொரலு," என்றாள். பிறகு, "நீங்க கேட்டிருந்தாலும் ஒங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டேண்ணே. மனசுல வச்சுக்கிடாதிய. அந்தப் பிள்ளை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

19.10.2023, வியாழக்கிழமை (ஐப்பசி 2)

ஆவுடை இன்று காலை காலமானாள்.

27.10.2023, வெள்ளிக்கிழமை (ஐப்பசி 10)

இறப்புச் சான்றிதழ் பெற்றேன். ஆவுடையம்மாள், பெண், 62. பெயர், பாலினம், வயது, முகவரி யாவும் சரியாக இருக்கின்றன. திருத்தம் ஏதும் தேவைப்படவில்லை.

14.11.2023, செவ்வாய்க்கிழமை (ஐப்பசி 28)

என் பெயரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலுவையில் உள்ளது என்று செயலி நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் வழி தெரியவில்லை. பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அதே ஆள்தான். "தங்கச்சி வரலையா சார்?" என்று கேட்டார். இம்முறை என்னிடமே எடுங்கள் என்றேன்.

20.11.2023, திங்கட்கிழமை (கார்த்திகை 4)

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. டாக்டர் நஸ்ரினின் முகம் முழுதும் மகிழ்ச்சி. "பதினாலு சார். எட்டரையிலிருந்து பதினாலு. குழாய் விடாமலே சரி பண்ணிட்டீங்க," என்றார். மாத்திரையை இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளியைத் தாம் பார்த்ததில்லை என்றார். இமையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தலையசைத்துக்கொண்டார். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டார். வீட்டில் ஒரு துக்கம் என்றேன். யார் என்றார். தங்கை என்றேன். மிகவும் வருந்தினார். அவளுக்கு என்ன செய்தது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

விடைபெறுமுன் ஓர் ஐயம் கேட்கலாமா என்றேன். என்னுடைய இதே உபாதைகளுடன், இதே வயதை ஒட்டி, ஒரு பெண் வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"லேடீஸ்னா முதல் நாளே கேட்டிருப்பேன் சார், பீரியட்ஸ் நின்ன பிறகு ரத்தம் படுதான்னு. ஆமான்னு சொன்னா அன்னைக்கே கர்ப்பப்பையை ஸ்கேன் பண்ணச் சொல்லிடுவோம்." பிறகு, "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றார்.

தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

அவர் என் கோப்பை முடித்துவைத்தார். 'நோயாளி குணமடைந்தார்' என்று இன்றைய தேதியிட்டுத் திரையில் வந்தது. தேதி சரியாகவே இருந்தது. அதன் கீழே ஐந்து நட்சத்திரங்கள் தோன்றின. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஐந்தையும் தொட்டேன். அவர்கள் பக்கம் குறையொன்றுமில்லை.